அடிபம்பில் உடைந்த முன்பல், இரண்டு வருட வைத்தியம்: என் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் எந்த மருத்துவமனையின் பெயரும் வராது. முதலில் போன கிளினிக்கைக் கொஞ்சம் திட்டப்போகிறேன், பெயர் போட்டுத் திட்டினால் அது வேறு தலைவலி. இரண்டாவதாகப் போனது ஒரு பல் மருத்துவக் கல்லூரி, அங்கே எங்களுக்குப் பார்த்த டாக்டரம்மா மேல்படிப்பை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆகவே நான் மதிப்பெண் போடப்போவது சிகிச்சைக்கும், அதை அவர்கள் செய்த விதத்துக்கும். வேர் முழுதாக வளராத பல்லில் செய்கிற ரீஜெனரேட்டிவ் ரூட் கெனால். மறுவளர்ச்சி சிகிச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை லால்குடி பக்கத்தில் மாமியார் ஊரில், மே மாத லீவில் ஆரம்பித்தது. பையனுக்கு அப்போது ஏழே முக்கால் வயது. தெருமுனை அடிபம்பில் தொங்கி அடித்துக்கொண்டிருந்தவன் கை வழுக்கிவிட்டான், கைப்பிடி விருட்டென்று மேலே வந்து வாயில் ஒரே அடி. இடதுபக்க மேல் முன்பல் சாய்வாக உடைந்துபோய், உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. உதட்டில் வந்த ரத்தத்தைப் பார்த்து எல்லோரும் பதறினோமே தவிர, அந்தச் சிவப்புப் பொட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் மண்ணில் தேடி உடைந்த துண்டைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து, பால்பல் விழுந்தால் செய்வது மாதிரியே சாணியில் பொதிந்து ஓட்டுமேல் எறிந்துவிட்டார்! அந்தத் துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு எடுத்துப்போயிருந்தால் அதையே திரும்ப ஒட்டியிருக்க முடியும் என்று கல்லூரியில் சொன்னபோது, நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். (நிலைப்பல் வேரோடு முழுசாகக் கழன்று விழுந்தால் அவசரம் இன்னும் அதிகமாம், வேரைத் தேய்க்காமல் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓட வேண்டும். பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது.)

மறுநாள் திருச்சியில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். பத்து நிமிட வேலை. உடைந்த இடத்தில் பல் நிறத்தில் ஏதோ பூசி, நீல விளக்கு அடித்து, 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. திரும்ப வந்து காட்டுங்கள் என்றும் சொல்லவில்லை. பல் பார்க்க அழகாக இருந்தது, நாங்களும் மறந்துவிட்டோம்.

அந்தச் சிவப்புப் பொட்டு என்பது பல்லுக்குள் இருக்கும் உயிர்ச்சதை, அதாவது பல்கூழ், வெளியே தெரிவது. சின்னப் பிள்ளைகளுக்கு அடிபட்ட உடனே, அந்தச் சதையில் மேலாக இரண்டு மில்லிமீட்டர் அளவு மட்டும் எடுத்துவிட்டு மருந்து வைத்து மூடினால், மீதிச் சதை உயிரோடு இருக்கும், வேர் தன்பாட்டுக்கு வளர்ந்து முடியும். ஸ்வீடனில் ஸ்வெக் என்பவர் 1978-லேயே இதை எழுதிவிட்டார், இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். பையனுக்கு முதல் நாள் நடந்திருக்க வேண்டியது அதுதான். எனக்கு இருக்கிற கோபம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான், மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

ஆகஸ்டில் அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் மிளகு சைஸில் ஒரு கொப்புளம் வந்தது. அமுக்கினால் சீழ் வருகிறது, வலி மட்டும் இல்லை. அதே கிளினிக்கில், 'ஒரே சிட்டிங்கில் ரூட் கெனால் முடித்துக் கேப் போட்டுவிடலாம், ஏழாயிரம் ஆகும்' என்றார்கள். எட்டு வயதுப் பையனுக்குக் கேப்பா என்று என் மனைவி கேட்டதற்கு, பல் எப்படியும் ரொம்ப நாள் தாங்காது, பதினெட்டு வயதுக்கு மேல் எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். அவள் உடனே பையன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த ஒரு நொடிக்காக அவளுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன், நானாக இருந்தால் சரி என்று தலையாட்டி அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

கல்லூரியில் குழந்தைகள் பல் பிரிவு. காலை எட்டரைக்கே போய் ஓ.பி. சீட்டு போட்டால் பத்தரை மணிக்குக் கூப்பிடுவார்கள். மேல்படிப்பு மாணவி ஒருவர் எக்ஸ்ரே எடுத்து, அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பக்கத்தில் ஒரு பெரியவரின் பல் எக்ஸ்ரேயும் வைத்துக் காட்டினார். பெரியவர் வேர் நுனி கூராக, ஊசி போகிற துளையோடு முடிகிறது. பையனுடையது போகப்போக அகலமாகி, நாதஸ்வரத்தின் அணசு மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நிலைப்பல் முளைக்கிற நேரத்தில் வேர் பாதிக்கு மேல்தான் வளர்ந்திருக்குமாம். முன்பல் ஏழு எட்டு வயதில் வந்தால், அதன் வேர் நுனி மூட இன்னும் மூன்று வருடம் ஆகும். அதற்குள் உள்ளே இருக்கும் சதை செத்துவிட்டால் வேர் அந்த நிலையிலேயே நின்றுவிடும். சுவர் காகிதம் மாதிரி மெலிசு, நுனி திறந்து கிடக்கும்.

வழக்கமான ரூட் கெனாலில் ஃபைல் என்கிற ஊசி மாதிரி அரத்தைப் போட்டுச் சுரண்டி அகலப்படுத்தி, கட்டாபெர்ச்சா என்கிற ரப்பர் மாதிரிப் பொருளைத் திணித்து அடைப்பார்கள். இங்கே சுரண்டினால் மெலிசான சுவர் இன்னும் மெலியும், திணித்தால் தடுக்க அடிப்பகுதியே இல்லாததால் பொருள் எலும்புப் பக்கம் வெளியே போய்விடும். 'ஒரே சிட்டிங், ஏழாயிரம்' என்றதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த மேல்படிப்பு டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். ஒன்று பழைய முறை: கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்து, மாற்றி மாற்றி, ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை காத்திருந்தால் நுனியில் ஓடு மாதிரி ஒன்று உருவாகி அடைக்கும். ஆனால் அந்த மருந்து நீண்ட நாள் உள்ளே கிடந்தால் பல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதே ஸ்வெக் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சிகிச்சை செய்த வளராத பற்களில் ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதி முறிந்தவை, வேர் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதைப் பொறுத்து, 28 முதல் 77 சதவீதம் வரை. வேர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு ஆபத்து.

இரண்டாவது, நுனியில் எம்டிஏ என்கிற பொருளை வைத்து ஒன்றிரண்டு சிட்டிங்கிலேயே அடைத்துவிடுவது. இந்த எம்டிஏ விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, ஏனென்றால் அதன் அடிப்படை நம் போர்ட்லேண்ட் சிமெண்ட்! அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாட் என்பவர் 1990-களில் கொண்டுவந்தது. சிமெண்ட் மாதிரியே ஈரத்தில்தான் இறுகும், அதனால் ரத்தமும் ஈரமும் இருக்கிற வேர் நுனிக்கு ஏற்றது. டால்மியாபுரம் சிமெண்ட் ஆலைப் புகையைப் பார்த்து வளர்ந்த குடும்பத்துப் பையன் பல்லுக்குள் சிமெண்ட் போகப்போகிறது என்றதும் மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த முறை வேகமானது, நம்பிக்கையானது, ஆனால் நுனி அடைபடுமே தவிர சுவர் தடிமனாகாது, வேர் நீளமும் கூடாது.

மூன்றாவதுதான் நாங்கள் எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் கிருமியைச் சுரண்டாமல் மருந்துத் தண்ணீராலேயே கழுவி, பிறகு வேர் நுனிக்கு வெளியே லேசாகக் குத்தி, ரத்தத்தை வேண்டுமென்றே வேருக்குள் வரவழைத்து, அது உறைந்ததும் மேலே எம்டிஏ வைத்து மூடிவிடுவது. வளரும் வேரின் நுனியில் ஸ்டெம்செல், அதாவது வேறு திசுக்களாக மாறக்கூடிய செல், நிறைந்த ஒரு சதைத்துண்டு இருக்கும், சீழ் பிடித்த பல்லிலும் அது பிழைத்துக் கிடக்கலாம். ரத்தத்தோடு அந்தச் செல்கள் உள்ளே வந்து, உறைந்த ரத்தத்தைக் கட்டட வேலைச் சாரம் மாதிரி பிடித்துக்கொண்டு, சுவரின் உட்பக்கத்தில் புதிதாகப் படிய ஆரம்பிக்கும்.

ஸ்டெம்செல் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி, பிரசவ வார்டிலேயே என் மனைவியைத் துரத்தித் துரத்திப் பிடித்த ஏஜெண்டுகளை நான் மறக்கவில்லை. 'இதுக்குத் தனியா எவ்வளவு மேடம்?' என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாங்க ஸ்டெம்செல் எதையும் வெளியிலிருந்து வைக்கறது இல்ல சார், அது உங்க பையன்கிட்டயே இருக்கு. நாங்க வழிவிடறோம், அவ்வளவுதான்" என்றார். கூடவே, இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை, வேருக்குள் ரத்தத்தை உறைய வைக்கும் யோசனை 1960-களிலேயே நார்வேயில் நைகார்ட்-ஓஸ்ட்பி என்பவருடையது, ஜப்பானில் 2001-ல் இவாயா குழுவும், 2004-ல் பாங்க்ஸும் ட்ரோப்பும் வெளியிட்ட கேஸ்களுக்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது என்றும் சொன்னார். அப்புறம் முக்கியமான ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்: சீழ் போவதும் எலும்பு ஆறுவதும் பெரும்பாலும் நடக்கும், சுவர் தடிமனாவதற்கு உத்தரவாதம் கிடையாது, அடிபட்ட பல்லில் அது இன்னும் குறைவாகவே நடக்கும். சரிவராவிட்டால் அப்போதும் எம்டிஏ அடைப்பு செய்ய வழி இருக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் சிட்டிங். மரத்துப்போகும் ஊசி, பிறகு பல்லைச் சுற்றி நீல நிற ரப்பர் ஷீட், ரப்பர் டேம் என்கிறார்கள். இது இல்லாமல் பிள்ளைகளுக்கு ரூட் கெனால் செய்ய வாயைத் திறக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எச்சில் உள்ளே போகாது, மருந்து தொண்டைக்குள் போகாது. கழுவுவது ஹைப்போகுளோரைட், துணி வெளுக்கும் அதே சரக்குதான், ஆனால் ஒன்றரை சதவீதம் மட்டும், அதுவும் மெதுவாக, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். பெரியவர்களுக்கு இதைவிடக் காட்டமாக விடுவார்களாம், இங்கே காட்டமாக விட்டால் நமக்கு வேண்டிய ஸ்டெம்செல்லும் சேர்ந்து செத்துவிடும். பையனுக்கு நீச்சல்குள வாசம் அடித்ததாம், அவனுக்கு அதில் ஒரே சந்தோஷம். உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடி, நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மூன்று ஆண்டிபயாடிக் கலந்த பசை ஒன்று இதற்கு ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது, அதில் இருக்கும் மினோசைக்ளின் பல்லைக் கருக்கச் செய்யும் என்பதால் முன்பல்லுக்கு வேண்டாம் என்று கால்சியம் ஹைட்ராக்சைடே வைத்தார்கள். சில வாரம் மட்டும் என்பதால் நொறுங்கும் பயம் இல்லை. பத்து நாளில் கொப்புளம் காணாமல் போனது.

இரண்டாவது சிட்டிங் கொஞ்சம் கஷ்டம், ஒளிக்க வேண்டியதில்லை. இந்த முறை அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி போட வேண்டும், ஏனென்றால் அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், ரத்தம் வரவைப்பதுதானே இங்கே வேலை. அட்ரினலின் இல்லாத ஊசி சீக்கிரம் தெளிந்துவிடுகிறது. மருந்தைக் கழுவி எடுத்து, ஈடிடிஏ என்ற இன்னொரு திரவத்தால் கழுவினார்கள். பல் சுவரில் புதைந்து கிடக்கும் வளர்ச்சிப் பொருட்களை இது வெளியே கொண்டுவருமாம். பிறகு மெல்லிய ஃபைலை வளைத்து நுனியைத் தாண்டிக் குத்தினார். முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பையன் என் விரலை இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்துவிட்டது. பேராசிரியர் வந்து ஒரு தடவை செய்தார், வந்தது. வழக்கமாக வாயில் ரத்தம் என்றால் பதறுகிற நான், அன்றைக்கு 'வந்துருச்சு, வந்துருச்சு' என்று சந்தோஷப்பட்டேன். கால் மணி நேரம் உறைய விட்டு, மேலே மூன்று மில்லிமீட்டர் எம்டிஏ, அதன்மேல் வேறு அடைப்பு. கையிலிருந்து ரத்தம் எடுத்து மெஷினில் சுற்றி, பிஆர்எஃப் என்ற ஜெல்லி மாதிரி ஒன்று செய்து உள்ளே வைப்பதும் உண்டு, சில தனியார் இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம். ரத்தம் தானாகவே வரும்போது பிள்ளையை இன்னொரு ஊசி குத்த வேண்டாம் என்று இங்கே விட்டுவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு காத்திருப்பு. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், ஒன்றரை, இரண்டு. ஆறாம் மாத எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி இருந்த கறுப்பு, அதாவது எலும்பு கரைந்த இடம், பாதிக்கு மேல் மறைந்திருந்தது. சுவரில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு வருடத்தில் கறுப்பு சுத்தமாகப் போய்விட்டது, சுவர் கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது, எனக்குத் தெரிந்தது, என் மனைவிக்குத் தெரியவில்லை. இரண்டாம் வருடத்தில் சந்தேகமே இல்லை: நாதஸ்வர வாய் குவிந்துவிட்டது, நுனியில் சின்னத் துளைதான் பாக்கி, சுவர் முன்பைவிடக் கனம். நீளம் மட்டும் பெரிதாகக் கூடவில்லை, வலதுபக்க முன்பல்லோடு ஒப்பிட்டால் குட்டைதான். குளிர்ச்சி வைத்துப் பார்க்கும் சோதனையில் அந்தப் பல்லுக்கு உணர்வும் திரும்பவில்லை. உள்ளே வளர்ந்திருப்பது பழைய பல்கூழ் கிடையாது, இப்படிப்பட்ட பற்களை ஆராய்ந்து பார்த்ததில் பெரும்பாலும் சிமெண்டம் (சிமெண்ட் இல்லை, பல்வேரின் வெளிப்பக்கத்தை இயற்கையாக மூடியிருக்கும் படலம்), எலும்பு மாதிரியான திசுதான் இருந்தது என்று விளக்கினார்கள். மறுவளர்ச்சி என்ற பெயரைப் பார்த்துப் பல் பழையபடி முளைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உள்பக்கம் பூச்சு வேலை பார்த்துச் சுவரைக் கனமாக்கின மாதிரி.

இப்போது குறைகள். பல் சாம்பல் நிறமாகிவிட்டது. மினோசைக்ளினைத் தவிர்த்தவர்கள், எம்டிஏவில் இருக்கும் பிஸ்மத் ஆக்சைடாலும் முன்பல் கருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், கருக்காத வகைப் பொருளும் இப்போது கிடைக்கிறது, கூடுதல் விலை கொடுக்க நான் தயாராகத்தான் இருந்திருப்பேன். கேட்டபோது, 'பின்னாடி உள்பக்கமா பிளீச் பண்ணிக்கலாம்' என்று பதில் வந்தது. பள்ளியில் இரண்டு பேர் 'கறுப்புப் பல்லா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், இவனும் அவர்களுக்கு ஏதோ பட்டப்பெயர் வைத்துச் சமாளிக்கிறான். அடுத்தது, முதல் டாக்டர் படிப்பு முடித்துப் போனதும் புதியவர் எங்கள் கேஸ் ஃபைலைத் தேடியதில் ஆறாம் மாத எக்ஸ்ரேயைக் காணோம். நல்லவேளையாக நான் திரையில் இருந்ததை ஒவ்வொரு தடவையும் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், ஒப்பிட அதுதான் உதவியது. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுப்பதில்லை. ரிவ்யூவுக்கு வரச்சொல்லி போன் வராது, நாமே காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை நாள் போகும், பேராசிரியர் கையெழுத்துக்காக மட்டும் ஒருமுறை ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

செலவு, எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்தில் எங்களுக்கு 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. இதே சிகிச்சைக்குத் திருச்சி தில்லைநகரில் ஒரு கிளினிக்கில் விசாரித்தபோது 18,000 சொன்னார்கள், காத்திருப்பு இருக்காது, ஒரே டாக்டர் கடைசிவரை பார்ப்பார். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது நியாயமான விலையாகக்கூடப் படலாம். ஆனால் ரிவ்யூவுக்குப் போகமாட்டோம், வெளிநாடு கிளம்பப்போகிறோம் என்பவர்கள் பேசாமல் எம்டிஏ அடைப்போடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம், ஏனென்றால் இந்தச் சிகிச்சையில் பாதி வேலை திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதுதான். உள்ளே மறுபடி சீழ் பிடித்தாலும் வலி இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும், எங்களுக்கு முதலில் நடந்தது அதுதானே.

சிகிச்சைக்கு ஐந்துக்கு நான்கரை. கல்லூரிக்கு மூன்றரை, அந்த அரை மதிப்பெண் மூன்று வழியையும் உட்காரவைத்துச் சொன்ன டாக்டரம்மாவுக்கு. முதல் கிளினிக்குக்கு ஒன்று, பூசின கலர் மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது, அதற்காக.

அடுத்த ரிவ்யூ மே மாதம். பிளீச்சிங்கை அப்போது பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். அதற்கு முன்னால் மாமியார் ஊருக்கு ஒரு வாரம் போகிறோம், அடிபம்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பேரன் வருவதற்குள் கைப்பிடியைச் சங்கிலி போட்டுக் கட்டிவைக்கப்போவதாக மாமனார் போனில் சொன்னார்.